மனதில் வந்ததைச் சொன்னவள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவர்கள் இருவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவள் எதற்கெடுத்தாலும் "சட்டத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். அதனால் சட்டம் அக்கா. அவளுக்கு எதிரே நின்று பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடித்தவள் அதிகம் பேச மாட்டாள். மூலைக்கு மூலை இம்மி பிசகாமல் மடிப்பாள். எனவே ஒழுங்கு. காலையில் இருவரும் சேர்ந்து உள்ளே நுழையும்போது, "சட்டம் ஒழுங்கு வந்தாச்சு, எல்லாரும் நேரா நில்லுங்கப்பா" என்று பாய்லர்காரர் குரல் கொடுப்பார். தினமும் அதே நகைச்சுவைதான். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பின்கட்டில் ஒழுங்கின் நாத்தனாரும் இன்னும் நான்கு பெண்களும் மூக்கைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துப் போடுவார்கள். துவைத்துப் பிழிந்ததை நீராவியில் சூடான பெரிய உருளைகளுக்குள் ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் தகதகவென்று காய்ந்து வெளியே வரும். அதை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, நடந்து வந்து ஒன்றோடொன்று சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த இரண்டு பெண்களின் விரல்கள் தொட்டுக்கொண்டன என்று கணக்கே கிடையாது.

ஒழுங்கின் கணவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். பகலெல்லாம் ஊரார் விரிப்பை மடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அவருடைய விரிப்பைத் துவைப்பாள். அவர் இறந்து இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழவும் இல்லை, புலம்பவும் இல்லை. "கல்லு மாதிரி இருக்காளே" என்று பின்கட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், உருளைக்குள் விரிப்பை விடும் பக்கம் நின்றிருந்தாள். விரிப்பு உள்ளே போனது. அவள் மூலையை விடவில்லை. விரிப்போடு கையும் போனது. சட்டம் அக்கா பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அடித்திருக்காவிட்டால் மணிக்கட்டு வரை வெந்திருக்கும். புறங்கை மட்டும் பொசுங்கியது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியலக்கா. விடணும்னு தோணல."

மேனேஜர் அவளை ஆலோசகரிடம் அனுப்பினார். தொழிலாளர் மனநலத்துக்கென்று நிர்வாகம் அந்த வருடம்தான் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தது. புதன்கிழமை மூன்று மணிக்கு, மாடியில், சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கி. முதல் நாள் ஒரு படிவத்தை நீட்டினார்கள். கட்டுப்போட்ட கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை.

ஆலோசகருக்கு முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு புதன்கிழமைகள் எதிரெதிரே உட்கார்ந்து எழுந்ததுதான் மிச்சம். மூன்றாவது வாரம் அவள், "நான் ஒரு வார்த்தை சொல்றேன். நீங்க யோசிக்காம, சரியா தப்பான்னு பார்க்காம, மனசுல என்ன வருதோ அத சொல்லணும். அதுலேர்ந்து அடுத்து எது வருதோ அது. அவ்வளவுதான்" என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"ஒண்ணைத் தொட்டு ஒண்ணு வரும். தடுக்காம விட்டா, அடியில கிடக்கிறது தானா மேல வரும்."

"அழுக்குத் துணிய ஊற வெக்கிற மாதிரியா?"

ஆலோசகர் சிரித்துவிட்டாள். "அதேதான். இத விட நல்லா எங்க புத்தகத்துல கூட சொல்லல."

'தண்ணி' என்றாள். ஒழுங்கு 'வாளி' என்றாள். வாளிக்குப் பின் சோப்பு, சோப்புக்குப் பின் அவர் முதுகு, முதுகில் புண், புண்ணுக்குப் பின் விரிப்பு. அங்கே வந்து நின்றாள். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. புகைபோக்கியையே பார்த்தபடி ஒழுங்கு சொன்னாள்:

"அவர் போன அன்னைக்குக் காலையில, மூச்சு இல்லன்னு தெரிஞ்சதும், எனக்கு அழுகை வரல மேடம். 'இன்னைக்குத் துவைக்க வேண்டாம்'னு வந்துச்சு. அதுதான் முதல்ல வந்துச்சு."

அப்புறம்தான் அழுதாள். மூக்கு ஒழுக, ஆறு மாதத்து அழுகை. ஆலோசகர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "இதுல தப்பு எதுவும் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் ஒழுங்கு, "எதையும் தடுக்காம பேசணுமாம்க்கா அங்க" என்றாள்.

"பேசு. நல்லாப் பேசு. உள்ளயே வெச்சு வெச்சு நீ வெந்துட்டே" என்றாள் சட்டம் அக்கா.

சட்டம் அக்காவுக்கு அப்போது வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒழுங்கின் கை பொசுங்கியது அந்த வருடத்தில் நடந்த நான்காவது விபத்து. உருளைக்கு முன்னால் கம்பித் தடுப்பு வையுங்கள் என்று தனித்தனியாகப் போய்க் கேட்டவர்களை மேனேஜர் தனித்தனியாகத் திருப்பி அனுப்பினார். "ஒத்தையாப் போனா கொசு. ஒண்ணாப் போனாத்தான் அந்த ஆளு நிமிர்ந்து பார்ப்பான்" என்று சங்கம் தொடங்கக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த அறையில் கூடினார்கள். ஐம்பது கையெழுத்து சேர்ந்ததும் பதிவுக்கு விண்ணப்பம் போடலாம். போட்டுவிட்டால் யாரையும் தொட முடியாது. அதுவரை மூச்சுவிடக் கூடாது.

"சேர்றதும் சேராததும் அவங்கவங்க இஷ்டம்" என்று நோட்டை நீட்டும்போதெல்லாம் சொல்வாள். "சேருன்னு நான் இழுக்கக் கூடாது, சேராதேன்னு அவன் தடுக்கக் கூடாது. சட்டத்துலயே இருக்கு."

"நீங்க இழுக்காமலா இருக்கீங்க? நாலு நாளா பாய்லர் ரூமையே சுத்தி வர்றீங்களே" என்றார் பாய்லர்காரர்.

"குளிர் காய வந்தேன்யா. போடு கையெழுத்த."

அவர் போட்டார். அவருக்கு அடுத்து ஒழுங்கு போட்டாள்.

புதன்கிழமைகள் ஒழுங்குக்குப் பழகிப்போயின. சொல்லப்போனால் அதற்காகக் காத்திருந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. வேலையிடத்தில் உருளைச் சத்தம். அந்த மாடி அறையில் மட்டும், வாயைத் திறந்தால் அதுபாட்டுக்கு ஓடிற்று. சின்ன வயதில் தொலைத்த கொலுசு வந்தது, லாரியின் முன்கண்ணாடியில் மோதிச் செத்த பறவை வந்தது, மாமியார் ஒரு தடவை சொன்ன சுடுசொல் வந்தது. ஆலோசகர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பாள்.

ஒரு புதன்கிழமை ஆலோசகர் சொன்ன வார்த்தை 'ஞாயித்துக்கிழமை'.

"படி" என்றாள் ஒழுங்கு.

"படின்னா?"

"மரப்படி. ஏறினா கிறீச்சுன்னு கத்தும். மேல ஒரு ரூம். மழையில நனைஞ்ச நாய் மாதிரி ஒரு நாத்தம்." அவளுக்கே சிரிப்பு வந்தது. "ஆனா அங்க உக்கார நல்லா இருக்கும் மேடம். எல்லாரும் நெருக்கி உக்காருவோம். அக்கா நோட்ட எடுப்பாங்க. நோட்டு, பேனா, அக்கா கை. எங்க அக்கா கையில ரேகையே தேஞ்சு போச்சு..."

அன்று மனம் அவ்வளவு லேசாக இருந்தது. பேருந்தில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போய், தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டு நடந்து வந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மேனேஜர் ஐந்து பேரைக் கூப்பிட்டு, வேலை குறைந்துவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஐவரில் முதல் ஆள் சட்டம் அக்கா. நோட்டில் முப்பத்தெட்டு கையெழுத்துதான் சேர்ந்திருந்தது.

வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அக்காவின் முகம் சிவந்திருந்தது. "நான் விடல. காரணம் என்னன்னு எழுதிக் குடுங்க, சட்டப்படி குடுத்தாகணும்னேன். சிரிச்சுக்கிட்டே என்ன சொன்னான் தெரியுமா? 'நனைஞ்ச நாய் நாத்தம் அடிக்கிற ரூம்ல உக்காந்து சட்டம் படிச்சா இப்படித்தான் ஆகும்'ங்கிறான். அந்த நாத்தம் அவன் மூக்குக்கு எப்படிப் போச்சு? நமக்குள்ள ஒரு ஆள்தான் போட்டுக் குடுத்திருக்கு."

ஒழுங்குக்குக் காது அடைத்தது. அக்காவின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் முன்னால் பாய்லர்காரர் மேனேஜர் அறையிலிருந்து கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கண்ணில் புரை எடுக்க விடுப்புக் கேட்கப் போனேன் என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். அதற்கடுத்த நாள் மேசையே காலியாகிவிட்டது. அவர் பாய்லர் பக்கத்திலேயே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஒழுங்கு புதிய ஒருத்திக்கு எதிரே நின்று விரிப்பு மடித்தாள். தினமும் காலையில் இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவாள். யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது? 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. இத்தனை வாரம் வார்த்தைகளை வாரி இறைத்தவளுக்கு அந்த ஒன்று மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. இப்படியே மூன்று வாரம் போயிற்று. மாடி அறைக்கும் அவள் போகவில்லை.

ஒரு மத்தியானம் பாய்லர்காரர் அவளைத் தடுத்து நிறுத்தினார்.

"தங்கச்சி, நீயாவது என்னை நம்புறியா?"

"நம்புறேண்ணா."

"அது போதும்மா" என்றார். அவர் கண் கலங்கியது புரையாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வார இறுதியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, மரப்பெட்டியை மட்டும் துடைத்து ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்.

அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்ததும் ஒழுங்கு கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு மாடியேறினாள். புதன்கிழமைகூட இல்லை.

"நான் இங்க சொன்னத நீங்க கீழ சொன்னீங்களா?"

ஆலோசகர் எழுந்து நின்றாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருந்தது. "மாசா மாசம் ஒரு அறிக்கை குடுக்கணும். யார் எப்படி இருக்காங்கன்னு சுருக்கமா எழுதினா போதும். உங்களோடத மட்டும் முழுசா வெச்சேன். நீங்க எவ்வளவு நல்லா வெளிய வந்துட்டீங்கன்னு காட்டணும்னு... எனக்குப் பெருமையா இருந்துச்சு. அத எதுக்குப் படிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. நினைச்சிருக்கணும்."

"இந்த ரூம்ல பேசினது இந்த ரூம்ல இருக்கும்னு நினைச்சேன்."

"நீங்க போட்ட படிவத்துல, நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு."

ஒழுங்கு மேசையருகே வந்தாள். பிறகு, "அது எனக்கு வேணும். நான் பேசினது" என்றாள்.

ஆலோசகர் கதவைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். மேசைக்கடியில் இருந்த இயந்திரம் ஒவ்வொன்றாக ஏழு தாளைத் துப்பியது. கீழேயிருந்து முத்திரை போட்டுத் திருப்பி அனுப்பிய நகல் அது: மேலே மேனேஜரின் முத்திரை, பெறப்பட்ட தேதி. அந்தப் பெண் தாள்களை அடுக்கி நீட்டினாள். மறு மாதம் அவளுக்கும் வேலை போனது.

அன்று மாலையே ஒழுங்கு சட்டம் அக்காவின் வீட்டுக்குப் போனாள். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒழுங்கு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நான்தான்க்கா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கையில் ஈரச் சட்டையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டையிலிருந்து சொட்டிய நீர் அவள் காலடியில் தேங்கிற்று.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே. வாசல்ல நீங்க சொன்னப்பவே."

"நாயோட நாத்தத்த நீ சொன்னது தெரியாமச் சொன்னது. அதுக்கு உன்னை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அக்கா சட்டையைக் கொடியில் போட்டாள். "அந்த மனுஷன் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு முதல்ல சொன்னதே நான்தான். வேலை போன பிறகும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். போ. முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் நானும் போகணும்."

பாய்லர்காரர் ஒரு கண்ணில் கட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி ஒழுங்கைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். ஒழுங்கு தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

"என்னை எல்லாரும் ஒதுக்கினாங்க இல்ல, அது கூடப் பரவாயில்லம்மா" என்றார் அவர். "போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. விடுப்புக் கேக்கப் போன இடத்துல ஏதாவது உளறிட்டேனோ, தூக்கத்துல சொல்லிட்டேனோன்னு. இவளை எழுப்பி எழுப்பிக் கேட்டேன்."

"திரும்ப வந்துடுங்கண்ணா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"வந்து? யார் மூஞ்சியப் பார்க்கிறது? எல்லாரும் நல்லவங்கதான். அதான் கஷ்டமே."

அவர் திரும்ப வரவில்லை. வேறெங்கோ ஒரு குடோனில் காவல் வேலைக்குச் சேர்ந்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் வழக்கு நடந்தது. வேலை குறைந்ததால் நீக்கினோம், சங்கம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றது நிர்வாகம். தெரியும் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஏழு தாள். கொடுக்கும் முன் சட்டம் அக்கா எச்சரித்தாள்: "அதுல ரூம் விஷயம் மட்டும் இல்ல. உன் வீட்டு விஷயமும் இருக்கு. ஒரு பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடுக்க முடியாது. எல்லாத்தையும் படிப்பாங்க."

"தெரியும்க்கா."

"உன் நாத்தனார் வருவா."

"தெரியும்."

நாத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமென்று இரண்டு தடவை பின்கட்டுக்குப் போனாள். நாத்தனார் மூக்கில் கட்டிய துணியை இறக்கிவிட்டு, "என்ன அண்ணி?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்" என்று திரும்பிவிடுவாள்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. சுவரோரம் பெஞ்சில் சலவைக்கூடத்துப் பெண்கள் பத்துப் பேர், நடுவில் நாத்தனார். நிர்வாகத்தின் வக்கீல் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இந்த அம்மாவுக்கு மனநிலை சரியில்லை, இவர் வாயில் வந்ததையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். "உதாரணத்துக்கு ஒண்ணு படிக்கிறேன் சார். கணவர் இறந்த அன்னைக்கு இவங்களுக்கு அழுகை வரலையாம். 'இன்னைக்குத் துவைக்க வேண்டாம்'னு நினைச்சாங்களாம். இப்படிப்பட்டவங்க பேச்ச..."

பெஞ்சில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. ஒழுங்கு திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இத நீங்க சொன்னீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை மட்டும் ஆலோசகர் தானாக எழுதிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அந்த அறையும் படியும் நோட்டும்கூட ஆலோசகர் எழுதிக்கொண்டதாகிவிடும்.

"நான் சொன்னதுதான் சார்."

"இதுல இருக்கிற எல்லாமேவா?"

"எல்லாமே நான் சொன்னது. ஒரு வார்த்தை கூடக் கூட்டிக் குறைக்கல. அவர் மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல சார். ரெண்டு வருஷம் துவைச்சேன். கை அசந்து போச்சு. கைதான் முதல்ல நினைச்சுது."

நாத்தனார் எழுந்து வெளியே போனாள். நாற்காலிகளுக்கு நடுவே அவள் நடந்துபோன சத்தம் கடைசிவரை கேட்டது.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. முத்திரையும் தேதியும் நிர்வாகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டன. சங்கம் சேர்த்ததற்காகவே ஐவரும் நீக்கப்பட்டார்கள், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. நோட்டில் தொண்ணூறு கையெழுத்து சேர்ந்தது. உருளைகளுக்கு முன்னால் கம்பித் தடுப்பு வந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் பேசவே இல்லை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அண்ணன் போட்டோவ நான் எடுத்துட்டுப் போறேன்."

ஒழுங்கு ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அவர் படுக்கையில் கிடந்தபோது ஞாயிறுதோறும் பழத்தோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவள் இவள். ஒரு நாள்கூட அந்த விரிப்பைத் தொட்டதில்லை. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. ஒழுங்கு அதைத் தடுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் படத்தைக் கொடுத்தாள்.

"அண்ணன் கஷ்டப்பட்டாரா அண்ணி? கடைசியில?" என்று வாசலில் நின்று கேட்டாள் நாத்தனார்.

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு."

அது பொய். அன்று விடியும்வரை அவர் மூச்சுக்குத் திணறியதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தாள். ஆனால் அந்தப் பொய்யைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கொடுத்தாள். நாத்தனார் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சட்டம் அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இருவரையும் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். விரிப்பு வந்தது, மூலை பிடித்தார்கள், உதறினார்கள், மடித்தார்கள். எதுவும் பிசகவில்லை. ஆனால் சாயங்காலம் வரை அக்கா "இழு", "விடு" தவிர வேறொன்றும் பேசவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் அவளே ஆரம்பித்தாள்.

"உன்மேல கோபம் இல்லடி. சத்தியமா இல்ல. நீ அன்னைக்கு அங்க நின்னு சொன்னியே, நான் நின்னிருப்பேனான்னு தெரியாது."

"சரிக்கா."

"ஆனா உன்கிட்ட ஏதாவது பேசலாம்னு வந்தா, வாய் தானா நின்னுடுது. இத சொல்லலாமா, வேண்டாமான்னு ஒரு நொடி பார்க்குது. பதினோரு வருஷத்துல ஒரு நாள் கூட இப்படிப் பார்த்ததில்ல. நான் என்ன பண்ணட்டும்?"

ஒழுங்கு சாலையைப் பார்த்தாள். "நிக்கட்டும்க்கா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

பேருந்து கூட்டமாக வந்து நின்றது. சட்டம் அக்கா முன்வாசலில் ஏறினாள். ஒழுங்கு கொஞ்சம் பின்தங்கி, பின்வாசலில் ஏறிக்கொண்டாள்.